முதல் அறுபது அடி

ஜூன் 9, ஞாயிறு

தோற்றுவிட்டோம். பாலக்காட்டு சுஜித்தின் வெள்ளைக் காருக்கு ஒரு கார் நீளம் பின்னால்.

டிராக் ரேஸில் ஒரு கார் நீளம் என்பது சின்ன விஷயமில்லை. மொத்த ஓட்டமே நானூற்றிரண்டு மீட்டர். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கார், வளைவே இல்லாத நேர்ப்பாதை, பச்சை விளக்கு விழுந்ததும் பாய வேண்டியதுதான். தும்மி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வண்டியை நான் கட்டுகிறேன், என் தம்பி பூபதி ஓட்டுகிறான். எங்கேயோ மோதி நசுங்கிய பழைய எஸ்டீம் காரை வாங்கி, கணபதிப் பகுதியில் இருக்கும் எங்கள் ஷெட்டில் வைத்து இரண்டு பேரும் உயிர் கொடுத்தோம். எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. அதற்குள் எந்த எண்ணை எங்கே மாற்றினால் எவ்வளவு இழுக்கும் என்பது எனக்குத் தெரியும். மேனகா அக்கா கை வைத்தால் கல்லும் ஓடும் என்று பசங்கள் சொல்வார்கள். இன்று ஓடவில்லை.

பூபதி ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டிக்குள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"கிளட்ச் மெதுவா விடுதுக்கா. நான் கால எடுத்துட்டேன், அது எடுக்க மாட்டேங்குது."

"பாத்துக்கலாம். டிசம்பர்ல இருக்குது இன்னொன்னு."

"டிசம்பர்ல அவன் என்ற முதுகப் பாக்கோணும்."

சரி என்றேன்.

ஜூன் 23, ஞாயிறு

பின் சீட், கார்ப்பெட், கதவுகளின் உள்பலகை எல்லாவற்றையும் கழற்றியாகிவிட்டது. எடை குறைந்தால் வேகம் சும்மா வரும். மழை விடவில்லை. துவைத்த துணி மூன்றாவது நாளாக ஈரம்.

ஜூலை 3, புதன்

பெரிய டர்போ மாட்டி, டைனோவில் ஏற்றினோம். சக்கரங்களை உருளைகள்மேல் ஓடவிட்டு எஞ்சினின் சக்தியை அளக்கிற மேடை அது. பீளமேட்டில் ஒருவர் வைத்திருக்கிறார். டர்போ எஞ்சினுக்குள் திணிக்கிற காற்றழுத்தத்தை, நாங்கள் பூஸ்ட் என்போம், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். திரையில் சக்தியின் கோடு மேலே மேலே போனது. டைனோக்காரர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்தோணி எல்லோருக்கும் டீயும் தேங்காய் பன்னும் வாங்கி வந்தான். எங்கள் ஷெட்டில் ஸ்பேனர் பிடிக்கிறவன் அவன் ஒருவன்தான். பூபதி டீயை எடுக்க நடந்து வரும்போது இடது செருப்பு பாதி வழியிலேயே கழன்று கிடந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. அந்தோணிதான் சொன்னான். வார் லூசாகிவிட்டது என்றான் பூபதி. புதுசு வாங்கச் சொன்னேன்.

ஜூலை 14, ஞாயிறு

மூடிப்போன நூற்பாலை ஒன்றின் வளாகத்தில் நீளமான சிமென்ட் சாலை இருக்கிறது. காவலுக்கு இருப்பவர் தெரிந்தவர். அங்கே ஓட்டிப் பார்த்தோம்.

எனக்குப் புரியவில்லை. கடைசியில் வேகம் ஏறியிருக்கிறது, நிறையவே ஏறியிருக்கிறது. ஆனால் முதல் அறுபது அடி ஜூனில் இருந்ததைவிட மோசம். எங்கள் ஆட்டத்தில் முதல் அறுபது அடிதான் எல்லாம். அங்கே விட்டதைக் கடைசிவரை எத்தனை குதிரைசக்தி கொடுத்தாலும் பிடிக்க முடியாது.

"கிளட்ச்சுதான்," என்றான் பூபதி மறுபடியும்.

ஜூலை 21, ஞாயிறு

கிளட்ச் முழுவதும் புதிது. தட்டு, பேரிங், எண்ணெய்க் குழாய் எல்லாம். அந்தோணிக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

ஜூலை 28, ஞாயிறு

மாற்றமில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கிளட்ச் பெடலில் ஒரு சென்சார் வைத்தேன். கால் எந்த நேரத்தில் எவ்வளவு எழுந்தது என்பது லேப்டாப்பில் கோடாக விழும். நன்றாக ஓட்டுகிறவன் காலை எடுத்தால் கோடு சுவர்போல் செங்குத்தாக இறங்க வேண்டும். பூபதியின் கோடு சறுக்குமரம்போல் சாய்ந்து இறங்குகிறது. நடுவில் ஒரு இடத்தில் நடுங்கியும் இருக்கிறது.

பெடல் ஸ்பிரிங் பலவீனமாக இருக்கலாம். வேறு ஸ்பிரிங்குக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பவித்ரா ஷெட்டுக்கு வந்தாள். பூபதியின் மனைவி. வங்கியில் வேலை. கிரீஸ் வாசனை பிடிக்காது என்பதால் இந்தப் பக்கம் வரவே மாட்டாள்.

"அண்ணி, இவரு மாடிப்படில தடுக்கி விழுந்துட்டாரு. இந்த மாசத்துல ரெண்டாவது தடவ. கேட்டா ஒன்னுமில்லங்கறாரு."

"கிளட்ச் ரொம்பக் கெட்டி பவி. மிதிச்சு மிதிச்சு கால் அசந்திருக்கும்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டுப் போனாள். நான் சொன்னது சரிதான். அந்தக் கிளட்ச் உண்மையிலேயே கெட்டி.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

புது ஸ்பிரிங்கிலும் அதே சறுக்குமரம்.

"நீ ஒருக்கா ஓட்டிப் பாரு," என்றான் பூபதி. நான் ரேஸ் ஓட்டுகிறவள் இல்லை. ஆனால் வண்டியைக் கிளப்பத் தெரியும். உட்கார்ந்தேன். அந்தோணி கையை இறக்கினான். காலை எடுத்தேன்.

வண்டி சீறிக்கொண்டு போன வேகத்தில் என் தலை சீட்டில் இடித்தது. நிறுத்தித் திரும்பி வந்தபோது பூபதி சாலையோரம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் என் கோடு. சுவர்.

வெகுநேரம் பார்த்தான். பிறகு லேப்டாப்பை மூடினான்.

"வண்டி நல்லாத்தான் இருக்குது," என்றான்.

"ஒரு தடவ ஓட்டுனத வெச்சுச் சொல்ல முடியாதுடா."

அவன் எழுந்துகொள்ள அந்தோணியின் தோளைப் பிடித்தான். வேறு ஒரு கம்பெனி ஸ்பிரிங் இருக்கிறது, அதையும் போட்டுப் பார்க்கலாம்.

செப்டம்பர் 4, புதன்

பூபதியை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் முதுகில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்புத் தட்டு எதுவும் விலகவில்லை என்று நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். நல்ல செய்தி என்றுதான் நினைத்தேன். வரும் வழியில் அன்னபூர்ணாவில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 12, வியாழன்

கால், கை, நாக்கு வரைக்கும் ஊசி குத்திச் சோதித்தார்கள். பூபதி வெளியே வந்து, "வயரிங் செக் பண்றாங்கக்கா," என்று சிரித்தான்.

செப்டம்பர் 16, திங்கள்

நரம்பு டாக்டர் ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். சுற்றி வளைக்கவில்லை. மோட்டார் நியூரான் நோய் என்றார். தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். தசை நன்றாக இருக்கும், மூளை நன்றாக இருக்கும், நடுவில் சேதி போகாது. இடது காலில் தொடங்கியிருக்கிறது. மற்ற இடங்களுக்கும் வரும். கடைசியில் விழுங்குவதற்கும் மூச்சுக்கும் வரும். குணமாக்க மருந்தில்லை. கொஞ்சம் தள்ளிப்போட ஒரு மாத்திரை உண்டு.

பவித்ரா பூபதியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் டாக்டரின் மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டிசம்பர்ல வண்டி ஓட்ட முடியுங்களா?" என்று பூபதி கேட்டான்.

"என்ன வண்டி?"

சொன்னான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தம்பி, நான் சொன்னது புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுதுங்க. அதனாலதான் கேக்கறேன்."

செப்டம்பர் 17, செவ்வாய்

வேலை எதுவும் செய்யவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

எஞ்சினில் எங்கே பழுது என்று கேட்டால் சத்தத்தை வைத்தே சொல்வேன். எதற்கும் மாற்றுப் பொருள் கிடைக்கும், கிடைக்காவிட்டால் கடைந்துகொள்ளலாம். இந்த இரண்டு வாரத்தில் இணையத்தில் நான் படிக்காத கட்டுரை இல்லை. அமெரிக்கா, ஜப்பான் வரை தேடிப் பார்த்துவிட்டேன். எல்லாம் ஒரே பதிலில்தான் வந்து நிற்கிறது.

அந்தோணி வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தான். அவனுக்காவது போக ஒரு இடம் இருந்தது.

அக்டோபர் 5, சனி

பூபதி கைத்தடியுடன் ஷெட்டுக்கு வந்தான். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தான்.

"கால வெச்சுத்தானேக்கா பிரச்சன? காலையே எடுத்துரு."

"என்னடா சொல்றே?"

"கிளட்ச்ச கைக்குக் கொண்டா. ஸ்டியரிங்ல ஒரு பட்டன். புடிச்சிருந்தா கிளட்ச் புடிக்கோணும், விட்டா விட்டுரோணும். ரூல்ல அதுக்கு எடமிருக்குது, படிச்சுட்டேன். என்ற விரல் இன்னும் நல்லாத்தான் இருக்குது பாரு." பத்து விரலையும் என் முகத்துக்கு நேரே மடக்கி விரித்துக் காட்டினான்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் செய்யலாம் என்று என் மூளை அதற்குள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. மூன்று வாரத்தில் எனக்குச் செய்யத் தெரிந்த வேலை முதல்முறையாகக் கையில் வந்திருந்தது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வண்டிக்கும் லேப்டாப்புக்கும் பொட்டு வைத்தோம். பவித்ரா பொரி, சுண்டல் கொண்டுவந்து கொடுத்தாள். ஸ்டியரிங்கில் இருந்த பட்டனைப் பார்த்தாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

கிளட்ச்சுக்குத் தனியாக ஒரு சின்ன எண்ணெய் பம்ப், அதைத் திறந்து மூட ஒரு வால்வ், வால்வுக்குப் பட்டன். கியர் மாற்றவும் கால் வேண்டாம். லீவரைத் தள்ளும்போது எஞ்சின் கண்ணிமைக்கும் நேரம் தானாகவே அடங்கி எழும். வலது கால் ஆக்ஸிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் மட்டும்.

நூற்பாலையில் பூபதி ஓட்டினான். கோடு சுவராக இறங்கியது. என் சுவரைவிடச் செங்குத்தாக. எந்தக் காலும் ஒரு விரலைப்போல் வேகமாக வேலை செய்யாது. இந்த வண்டி பிறந்ததிலிருந்து இப்படிக் கிளம்பியதில்லை.

பூபதி ஜன்னல் வழியே கையை நீட்டிக் கத்தினான். நானும் கத்தினேன். அந்தோணி குதித்தான். அரை மணி நேரம் எல்லாவற்றையும் மறந்திருந்தோம். பிறகு அவன் வண்டியிலிருந்து இறங்க வேண்டியிருந்தது.

நவம்பர் 2, சனி

போட்டிக்கு டாக்டர் கையெழுத்திட்ட தகுதிச் சான்று வேண்டும். பூபதி ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். யாரிடம் வாங்கினான் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 16, சனி

பவித்ரா வங்கியிலிருந்து நேராக வந்தாள். அந்தோணி டீ வாங்கப் போகும்வரை காத்திருந்தாள்.

"அண்ணி, வண்டிய ஓடாமப் பண்ணீருங்க."

"என்ன பவி?"

"ஏதாவது ஒரு ஒயரு. ஏதாவது ஒரு ஸ்க்ரூ. உங்களுக்குத் தெரியாததா? எஞ்சின் போச்சு, டிசம்பருக்குள்ள ஆகாதுன்னு சொல்லீருங்க. நீங்க சொன்னா நம்புவாரு."

"அவன் மொகத்தப் பாத்துட்டு என்னால அதச் சொல்ல முடியாது பவி."

"அவரு மொகத்த நானுந்தான் பாக்கறேன் அண்ணி. தெனமும் பாக்கறேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடும்போது பாக்கறேன்."

"பொத்தானா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டீ ஆறிப்போனது.

நவம்பர் 17, ஞாயிறு

நூற்பாலைக்குப் போகலாமா என்று பூபதி கேட்டான். மழை வரும் என்றேன். வரவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நகருக்கு வெளியே, பயன்பாட்டில் இல்லாத ஒரு விமான ஓடுதளத்தில் போட்டி. நல்ல வெயில். பூபதி கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்குத் தெரியாதபடி அந்தோணியின் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினான். முதல் சுற்றில் ஜெயித்தான், இரண்டாவதிலும் ஜெயித்தான். அரையிறுதியில் பெங்களூரு கார் ஒன்றை வெகுதூரம் பின்னால் விட்டான். மைக்கில் அவன் பெயரைச் சொன்னார்கள்.

ஆனால் அரையிறுதியில் கோட்டைத் தாண்டியபின் வண்டி நிற்கவில்லை. பிரேக் விளக்கு தாமதமாக எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. எல்லையில் வைத்திருந்த கூம்புகளை இடித்துத் தள்ளிவிட்டு, மணல் மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றான்.

"மூணு ரவுண்டு ஓடுன பிரேக்கு. சூடாயிருச்சு," என்றான் வந்ததும்.

பவித்ரா என்னைக் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "வலது காலும் ஆரம்பிச்சிருச்சு அண்ணி. ஒரு வாரமாச்சு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்ற தல மேல அடிச்சுச் சத்தியம் வாங்கீட்டாரு."

இறுதிப் போட்டி சுஜித்துடன். இதைவிட வேகமாக ஓட வேண்டியிருக்கும். அந்த ஓட்டத்தின் முடிவில் மணல் மேடு, அதற்குப் பின்னால் கல் சுவர்.

நான் வண்டிக்குப் போனேன். பூபதி பெல்ட்டெல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டுக்குள் கண் மட்டும் தெரிந்தது. சின்ன வயதில்கூட அவன் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. இறங்குடா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"கடைசியா ஒரு தடவ செக் பண்ணீரு," என்றான்.

லேப்டாப்பைச் செருகினேன். வாயால் சொல்ல முடியாததைக் கை செய்தது. பூஸ்ட்டை ஜூனில் இருந்த அளவுக்கும் கீழே இறக்கிச் சேமித்தேன். ஒயரைப் பிடுங்கினேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

பச்சை விளக்கு. பூபதிதான் முதலில் கிளம்பினான். பாதித் தூரம்வரை முன்னால் இருந்தான். பிறகு வெள்ளைக் கார் பக்கத்தில் வந்தது, தாண்டியது. அரைக் கார் நீளம். எங்கள் வண்டி தள்ளாடித் தள்ளாடி நின்றது, ஆனால் கூம்புகளுக்கு முன்பே நின்றது.

சுஜித் ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "எந்தா ஸ்டார்ட் அண்ணா அது! ஞான் பேடிச்சு போயி, பயந்துட்டேன்."

பூபதி சிரித்தான். எல்லோரும் போனபிறகு என்னிடம் சொன்னான்: "மூணாவது கியருக்கு மேல கை லேட்டாயிருச்சு போலக்கா. நான் தள்ளுனேன். என்ன பண்ணுனேன்னே தெரியல. இழுக்கவே இல்ல."

"விடுடா," என்றேன்.

டிசம்பர் 14, சனி

பூபதி ஷெட்டுக்கு வரவில்லை. பிசியோதெரபிக்கு வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிட்டானாம். "கையும் போச்சு, இனி எதுக்கு" என்கிறானாம். பவித்ரா போனில் சொல்லிவிட்டு, "நீங்க பண்ணுனது எனக்குத் தெரியும் அண்ணி. சொல்லீராதீங்க. தாங்க மாட்டாரு," என்றாள்.

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. அவள் கேட்டதைத்தானே செய்தேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

சாப்பாடும் சரியாக இல்லையாம்.

டிசம்பர் 19, வியாழன்

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மத்தியானம். பவித்ரா வேலைக்குப் போயிருந்தாள். பூபதி கட்டிலில் சாய்ந்து, டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இறுதி ஓட்டத்தின் பதிவைத் திறந்து அவன் மடியில் வைத்தேன். ஒவ்வொரு கோடாக அவனே பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பட்டனை விட்ட கோடு. கியர் மாறிய இடங்கள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எதிலும் தாமதமில்லை. பிறகு பூஸ்ட் கோட்டுக்கு வந்தான். விரல் அங்கேயே நின்றது.

"என்ற கை லேட்டாகல."

"ஆகல."

"அவன விட நான் முன்னாடி கெளம்பியிருக்கேன்."

"ஆமா."

அவன் முகம் அப்படியே மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது. எழுதும்போதும் அது என் கண்முன் நிற்கிறது. அவன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டான். ஒரு கணம்தான். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தான்.

"நீ கொறச்சியா?"

"நீ நிக்க மாட்டேன்னு பயந்துட்டேன்டா. சுவர்—"

"என்ற காலு பண்ணாதத நீ பண்ணீட்டே."

நான் அழுதேன். அவன் அழவில்லை.

"மொகத்துக்கு நேரா எறங்குன்னு சொல்லியிருந்தா எறங்கியிருப்பேன்," என்றான். "நீ சொல்லியிருந்தா எறங்கியிருப்பேன்."

உண்மையாகவே இறங்கியிருப்பானா? எனக்குத் தெரியாது. இனி தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

லேப்டாப்பை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

டிசம்பர் 20, வெள்ளி

போன் எடுக்கவில்லை.

டிசம்பர் 25, புதன்

அந்தோணி வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. பூபதிக்கும் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். சாப்பிட்டானாம். பிசியோதெரபி மறுபடி நடக்கிறதாம். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டானா என்றேன். அந்தோணி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டான்.

ஜனவரி 1, புதன்

வாடிக்கையாளர் வண்டிகள் நான்கு. இரண்டுக்கு ஆயில் மாற்றினேன். எஸ்டீம்மேல் தார்ப்பாய் போட்டேன்.

ஜனவரி 6, திங்கள்

காலை பதினொரு மணி இருக்கும். பூபதியிடமிருந்து போன். எடுத்தேன்.

"பவி போன எடுக்கல. கீழ விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல."

ஸ்கூட்டரில் எப்படிப் போனேன் என்று நினைவில்லை. என்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் பக்கவாட்டில் கிடந்தான். அடி படவில்லை. வேட்டி நனைந்திருந்தது. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அக்குளுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினேன். முதல் தடவை முடியவில்லை. இளைத்துத்தான் இருக்கிறான், ஆனால் தானாக எதையும் தாங்காத உடம்பு அவ்வளவு கனம். முழங்காலால் முட்டுக்கொடுத்து மறுபடி தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்தேன். துடைத்துவிட்டேன். வேறு வேட்டி எடுத்தேன்.

வேட்டியைச் சுற்றிவிடும்போது என் தலைக்கு மேலே அவன் குரல் கேட்டது.

"டாக்டரம்மா போன வாரம் எல்லாஞ் சொன்னாங்க. வயித்துல குழாய் போடறது, மூச்சுக்கு மிஷின் வெக்கறது, எப்ப வேணும், எப்ப வேண்டாம்னு. பவியால அதெல்லாம் கேக்கக்கூட முடியல. எந்திரிச்சுப் போயிட்டா."

நான் நிமிரவில்லை.

"நீதான் பக்கத்துல நிப்பே. எனக்குத் தெரியும்."

"நிப்பேன்டா."

"அப்ப ஒன்னு. எதக் கூட்டறதா இருந்தாலும் எதக் கொறைக்கறதா இருந்தாலும், எங்கிட்டச் சொல்லீட்டுச் செய். வாயில பேச்சு வராட்டியும் பரவால்ல, கண்ணப் பாத்துச் சொல்லு. நான் தூங்கறேன்னு நெனச்சு எதும் பண்ணாத."

சரி என்று சொன்னேன். குரல் சரியாக வரவில்லை.

"கேக்கல," என்றான்.

நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்து, "சரி," என்றேன்.